முதலாளி கொடுமைக்காரரா? கூஃபாவில் நடந்த விசாரணை

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் ஓட்டல்களிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை: "எங்க முதலாளி ரொம்பக் கொடுமைக்காரர்." பௌர்ணமி கிரிவலக் கூட்டம் முடிந்த மறுநாள் இது இன்னும் அதிகமாகக் காதில் விழும். உண்மையாகவும் இருக்கலாம். நீங்கள் எப்படிச் சோதித்துப் பார்ப்பீர்கள்?

ஸஹீஹுல் புகாரியில் வரும் சம்பவம் இது. கூஃபாவாசிகள் தங்கள் ஆளுநர் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களைப் பற்றி கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் புகார் செய்தார்கள். தொழுகையைக்கூட ஒழுங்காக நடத்துவதில்லை என்றார்கள். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் மீதா இந்தப் புகார்! உமர் (ரலி) அவர்கள் ஸஅதைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அழைத்து விளக்கமும் கேட்டார்கள். பிறகு கூஃபாவுக்கு ஆளனுப்பி, பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரித்தார்கள். எல்லோரும் நல்லதே சொன்னார்கள். பனூ அப்ஸ் பள்ளியில் மட்டும் ஒருவர் எழுந்து, அவர் படையோடு போவதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, நீதியாகத் தீர்ப்பளிப்பதில்லை என்றார்.

உங்கள் கடையிலும் இப்படி விசாரித்தால் மற்ற ஊழியர்கள் என்ன சொல்வார்கள்? அவர்களும் அதையே சொன்னால் அது அநியாயம்தான். உங்களுக்கு மட்டும்தான் என்றால், ஒருவேளை உங்களைக் குறிவைத்திருக்கலாம். இல்லையென்றால் உங்கள் வேலையையும் கொஞ்சம் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வருபவருக்கு "ஏன் லேட்?" என்பதே ஏச்சாகக் கேட்கும். அவர் முகம் சுளிப்பார், முதலாளி குரலை உயர்த்துவார், அதைப் பார்த்து இவர் வேலையை இன்னும் மெதுவாகச் செய்வார். அமெரிக்கப் பேராசிரியர் பென்னட் டெப்பர் 2000ஆம் ஆண்டு எழுதிய ஆய்வில், மேலதிகாரியின் கொடுமையை ஊழியரின் பார்வையை வைத்தே வரையறுத்தார். அதுவும் தொடர்ந்து நடக்க வேண்டும். ஒருநாள் கோபம் அதில் சேராது.

முதலாளிமார்களே, இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிவிட்டார்கள். பிறரை ஏசுபவன் தன் பெற்றோருக்கு ஏச்சு வாங்கித் தருவான்தானே என்று காரணமும் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. உங்களிடம் இன்னும் அறியாமைக் கால குணம் இருக்கிறது என்று கண்டித்தார்கள். ஊழியர் மீது தவறு இருந்தாலும் அவரைக் கேவலப்படுத்த அனுமதி இல்லை. நம் தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. நாளெல்லாம் நின்ற அந்தப் பெண்கள் என்ன தவறு செய்தார்கள்?

ஸஅத் (ரலி) விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில், அடுத்து வரும் தலைவர் ஸஅதின் உதவியைப் பெறட்டும் என்றார்கள். இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அவரை நான் நீக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள்.