வட்டமில்லாத பிஸ்டன்

மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறையில் கழற்றி வைத்த பிஸ்டனைப் பார்த்திருப்பீர்கள். கவிழ்த்து வைத்த டம்ளர் போல இருக்கும். லாரியாயினும் டீசல் பம்ப்செட்டாயினும் பிஸ்டனின் மேற்பரப்பு வட்டந்தான். அது ஏன் வட்டமாக இருக்க வேண்டும்? சதுரமாக இருந்தால் ஆகாதா?

இந்தக் கேள்வியை விளையாட்டாக அல்லாமல், பெரும்பொருள் செலவிட்டுக் கேட்டவர்கள் ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்துப் பொறியாளர்கள். அவர்கள் 1979ஆம் ஆண்டு பந்தயத்தில் இறக்கிய ‘என்.ஆர். 500’ என்ற மோட்டார் சைக்கிளின் பிஸ்டன் வட்டமாக இல்லை. பள்ளி மைதானத்து ஓட்டப்பந்தயத் தடத்தின் வடிவில் இருந்தது. நடுவே ஒரு செவ்வகம், இரு முனைகளிலும் ஓர் அரை வட்டம்.

ஏன் இப்படி? முதலில் ஒரு சிறு கணக்கு.

எஞ்சின்களில் இரு வீச்சு, நான்கு வீச்சு என இரண்டு வகை உண்டு. இரு வீச்சு எஞ்சினில் தண்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். நான்கு வீச்சில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஆகவே, ஒரே கொள்ளளவுள்ள இரண்டு எஞ்சின்கள் ஒரே வேகத்தில் சுற்றினால், இரு வீச்சுக்கு இரு மடங்கு வெடிப்பு கிடைக்கிறது. 1970களின் பிற்பகுதியில் 500 சி.சி. உலகப் பந்தயங்களில் இரு வீச்சு எஞ்சின்கள் கொடிகட்டிப் பறந்ததில் வியப்பில்லை.

ஹோண்டாவோ நான்கு வீச்சு எஞ்சினிலேயே பேரெடுத்த நிறுவனம். அதே எஞ்சினோடுதான் போட்டியிடுவோம் என்று முடிவு செய்தது. அப்படியானால் ஒரே வழிதான்: எதிரியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

அது எளிதன்று. எஞ்சினின் வேகத்தை இரு மடங்காக்கினால், மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைத் தடுத்துத் திருப்பத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும். இதற்கு மருந்து, பிஸ்டனையும் வால்வுகளையும் சிறியதாக, இலேசாகச் செய்வது. அதாவது, ஒரே பெரிய சிலிண்டருக்குப் பதில் பல சிறு சிலிண்டர்கள். 1960களில் ஹோண்டா செய்ததும் இதைத்தான். 125 சி.சி. எஞ்சினையே ஐந்து சிலிண்டர்களாகப் பிரித்தது. ஒவ்வொன்றும் வெறும் 25 சி.சி.! இப்போதும் எட்டு சிலிண்டர் வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் இடையில் விதி மாறியிருந்தது. 500 சி.சி. பந்தயத்தில் நான்கு சிலிண்டருக்கு மேல் கூடாது.

விதி சிலிண்டரின் எண்ணிக்கையைச் சொன்னதே தவிர, அதன் வடிவத்தைச் சொல்லவில்லை. எட்டு சிலிண்டர்களை இரண்டிரண்டாக ஒட்டி, இடைச் சுவரை எடுத்துவிட்டால்? நான்கு நீண்ட சிலிண்டர்கள்! ஒவ்வொன்றிலும் எட்டு சிறு வால்வுகள், இரண்டு தீப்பொறிப் பிளக்குகள். அகன்ற பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, அதைத் தாங்க ஒன்றுக்கு இரண்டாக இணைப்புத் தண்டுகள். மொத்தம் 32 வால்வுகள். விதியை மீறாமல் விதியைத் தாண்டிய இந்த யோசனையை நான் மிகவும் ரசிக்கிறேன்.

கணக்குப் பிரியர்கள் சரிபார்க்கலாம். பிஸ்டனின் நீளம் 93.4 மில்லிமீட்டர், அகலம் 41, வீச்சு 36. நடுச் செவ்வகத்தின் நீளம் 93.4 – 41 = 52.4. எனவே செவ்வகப் பரப்பு 2,148 சதுர மில்லிமீட்டர். இரு அரை வட்டங்களும் சேர்ந்து 1,320. மொத்தம் 3,468. இதை 36ஆல் பெருக்கினால் 124.8 சி.சி.; நான்கு சிலிண்டருக்கு 499 சி.சி.க்குச் சற்றே மேல்.

இந்த எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 20,000 சுற்று சுற்றியது. நொடிக்கு 333 சுற்று! அத்தனை சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. அப்படி நின்று திரும்பியும் அதன் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டர்.

இனித் தொல்லைகளைப் பார்ப்போம். நம் முதல் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது.

வட்டத் துளையை இடுவது எளிது. சுழலும் கருவி தானாகவே வட்டம் போடும். நீண்ட துளையை அவ்வளவு துல்லியமாகக் குடைவது பெரும்பாடு. அதைவிடப் பெரிய சிக்கல் பிஸ்டன் வளையம். சாதாரண வளையம் ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வில் போன்றது. சிலிண்டருக்குள் அடக்கி வைத்தால் விரியப் பார்க்கும். அதனால் சுவரின் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுந்தி, வாயு கசியாமல் அடைக்கும். ஓட்டத்தட வடிவிலோ நேரான பக்கங்கள் உள்ளன. வளைத்த பிரம்பு நிமிரத் துடிக்கும். நேராகக் கிடக்கும் குச்சி எதற்குத் துடிக்கும்? நேர்ப் பக்கங்களில் அழுத்தம் குறைந்து, வெடித்த வாயு கசிய வழி பிறந்தது. போதாக்குறைக்கு, ஒரே பரப்புள்ள வடிவங்களில் சுற்றளவு மிகக் குறைந்தது வட்டம். 3,468 சதுர மில்லிமீட்டர் வட்டத்துக்குச் சுற்றளவு 209 மில்லிமீட்டர். இந்தப் பிஸ்டனுக்கோ 234. கசியவும் உராயவும் அவ்வளவு அதிக நீளம்.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் இரண்டு வண்டிகள் இறங்கின. இரண்டுமே முடிவுக்கோட்டை எட்டவில்லை. ‘என்.ஆர்.’ என்றால் ‘நெவர் ரெடி’, அதாவது ‘என்றுமே தயாராகாதது’ என்று கேலி செய்தார்கள். பொறியாளர்கள் சளைக்கவில்லை. எஞ்சினின் திறன் படிப்படியாக ஏறி 130 குதிரைத்திறன் வரை சென்றது. 1981இல் ஜப்பானின் சுஸுகா 200 கிலோமீட்டர் பந்தயத்தில் வெற்றியும் கிடைத்தது. ஆனால் உலகப் பந்தயங்களில் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 1982இல் ஹோண்டாவே மூன்று சிலிண்டர் இரு வீச்சு எஞ்சினுக்கு மாறியது. அடுத்த ஆண்டே அதில் ஏறிய அமெரிக்க வீரர் ஃபிரெடி ஸ்பென்சர் உலகப் பட்டத்தை வென்றார்!

நீண்ட பிஸ்டன் அத்தோடு மடிந்துவிடவில்லை. 1992இல் ‘என்.ஆர்.’ என்ற பெயரிலேயே சாலையில் ஓட்டும் வண்டியாக விற்பனைக்கு வந்தது. விலை எட்டாத உயரம். சில நூறு வண்டிகளே செய்யப்பட்டன. அதன் பிஸ்டன் நீளம் 101.2 மில்லிமீட்டர், அகலம் 50.6, வீச்சு 42, சிலிண்டர்கள் நான்கு. மேலே செய்தது போலவே கொள்ளளவைக் கணக்கிடுங்கள். ஏறத்தாழ 768 சி.சி. வரும். ஆனால் உண்மையான அளவு 747.7 சி.சி.

உங்கள் கணக்கில் தவறில்லை. அந்த 20 சி.சி. எங்கே போயிற்று? புதிய பிஸ்டனில் நேர்ப் பக்கங்களே இல்லை. நெடும் பக்கங்களையும் மெல்ல வளைத்து, நீள்வட்டத்துக்கு நெருங்கிய வடிவாக்கிவிட்டார்கள். வளையம் அழுந்துவதற்கு எல்லாப் பக்கமும் ஒரு வளைவு கிடைத்தது.