ஓருடல் ஈருயிர்: இரட்டை இயங்குதளக் கைக்கணினிகள்

முன்னுரை

இணைபிரியாத நண்பர்களை ‘ஈருடல் ஓருயிர்’ என்று சொல்வது நம் மரபு. அதற்கு நேர்மாறாக, ஓருடலில் ஈருயிர் தாங்கி வந்த கருவி ஒன்று உண்டு. அதுவே இரட்டை இயங்குதளக் கணினி. ஒரே கருவியில் விண்டோஸ் ஒருபுறமும், ஆண்ட்ராய்டு அல்லது லினக்ஸ் மறுபுறமும் குடியிருக்கும். கருவியை உயிர்ப்பிக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். ‘ஒன்றின் விலையில் இரண்டு’ என்னும் இந்தக் கவர்ச்சி, வீட்டு வரவு செலவை எண்ணிப் பார்த்துப் பொருள் வாங்கும் மாணவரை எளிதில் ஈர்த்துவிடும். அந்த ஈர்ப்பு எந்த அளவுக்கு நியாயமானது, வாங்குமுன் எவற்றை ஆராய வேண்டும், வாங்கியபின் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இரு பாதைகள், ஒரு நிலையம்

கணினியின் நுண்செயலி, திரை, விசைப்பலகை, சேமிப்பகம் ஆகிய உறுப்புகளை ஆண்டு நடத்தும் மென்பொருளே இயங்குதளம் ஆகும். இயங்குதளம் மாறினால் அதன்மீது ஓடும் மென்பொருள்களும் மாற வேண்டும். இதற்கு நம் தாம்பரம் இரயில் நிலையமே நல்ல உவமை. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது மீட்டர் பாதையில். பின்னாளில் அகலப் பாதை வந்தது. 2004-ஆம் ஆண்டு மீட்டர் பாதை மின்வண்டிகள் விடைபெறும்வரை சில காலம் இருவகைப் பாதைகளும் அருகருகே இருந்தன. நிலையம் ஒன்றுதான், பயணிகளும் அவர்களே. ஆனால் 1,000 மில்லிமீட்டர் பாதைக்கு அமைந்த வண்டி 1,676 மில்லிமீட்டர் பாதையில் ஏறாது. அதுபோலவே, வணிகவியல் மாணவர் பயிலும் டேலி விண்டோஸ் பாதைக்கு உரியது. கைப்பேசியில் நாம் பழகிய செயலிகள் ஆண்ட்ராய்டு பாதைக்கு உரியவை. இரண்டும் வேண்டுமென்றால் இரு பாதைகளும் வேண்டும் என்பதே இரட்டை இயங்குதளத்தின் தோற்றுவாய்.

ஒண்டுக்குடித்தனக் கணக்கு

ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் வாழும் ஒண்டுக்குடித்தனத்தை நாம் அறிவோம். கூடம் பொது, அறைகள் தனித்தனி. இரட்டை இயங்குதளக் கருவியும் அத்தகையதே. ராம் என்னும் தற்காலிக நினைவகம் கூடத்தைப் போன்றது. ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளமே விழித்திருப்பதால் ராம் முழுவதும் அதற்கே கிடைக்கும். ஆனால் சேமிப்பகம் அறையைப் போன்றது. ஒன்று உறங்கினாலும் அதன் அறை அதற்கே உரியது. அந்த இடத்தை மற்றது தனக்கென எடுத்துக்கொள்ள இயலாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவியின்மேல் 64 ஜிபி என்று எழுதியிருக்கும். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கொள்வர். விண்டோஸோ 107 கோடியே 37 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பைட்டுகளை ஒரு ஜிபி என்று எண்ணும். ஆகவே அந்த 64 என்பது திரையில் 59.6 என்றே தெரியும். இது மோசடியன்று; அளவுகோல் வேறுபாடு. விண்டோஸ் 10-இன் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து குறைந்தது 32 ஜிபி சேமிப்பகம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. அதைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 27. இரண்டாவது இயங்குதளம், அதன் செயலிகள், நம் பாடக்குறிப்புகள், படங்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 32 ஜிபி மட்டுமே உள்ள கருவியில் இரு தளங்கள் என்றால், இரு குடும்பமும் திண்ணையில்தான் படுக்க வேண்டும்.

விலை குறைந்த காரணம்

இத்தகைய மலிவுக் கைக்கணினிகள் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் பெருகின. அதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, கைப்பேசிச் சந்தையில் பின்தங்கியிருந்த இன்டெல் நிறுவனம், ‘ஆட்டம்’ வகை நுண்செயலிகளைக் கைக்கணினித் தயாரிப்பாளர்களுக்குப் பெருஞ்சலுகையுடன் வழங்கிற்று. இரண்டாவது, 9 அங்குலத்திற்குக் குறைந்த திரையுடைய கருவிகளுக்கு விண்டோஸ் உரிமக் கட்டணம் இல்லை என்று 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சீனாவின் சூவி, டெக்லாஸ்ட், ஓண்டா முதலிய நிறுவனங்கள் இவ்விரு வாய்ப்புகளையும் பயன்படுத்திக்கொண்டு, 2 ஜிபி அல்லது 4 ஜிபி ராமுடன் விண்டோஸும் ஆண்ட்ராய்டும் சேர்ந்த கைக்கணினிகளைச் செய்து விற்றன.

ஆனால் பெருநிறுவனங்கள் இவ்வழியில் நிலைக்கவில்லை. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஏசுஸ் நிறுவனம் இரு தளங்களுக்கும் நொடிப்பொழுதில் மாறும் கணினி ஒன்றைக் காட்டியது. அதே ஆண்டு மார்ச்சு மாதம், கூகுளும் மைக்ரோசாஃப்டும் இத்தகைய கருவிகளை விரும்பாததால் அத்திட்டம் நின்றுவிட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. 2016-ஆம் ஆண்டு இன்டெல்லும் கைப்பேசி, கைக்கணினிகளுக்கான தன் அடுத்த நுண்செயலித் திட்டங்களைக் கைவிட்டது. தாங்கிய கை விலகியதும் பாரம் வாங்கியவர் தலையில் விழுந்தது. அக்கருவிகளின் ஆண்ட்ராய்டு, தயாரிப்பாளர் பதித்துக் கொடுத்த பழைய பதிப்பிலேயே நின்றது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பகமும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். அக்காலத்து ஆட்டம் நுண்செயலிகள் அதன் ஏற்புப் பட்டியலிலும் இல்லை. ஆக, இரண்டு உயிர்களும் ஏறத்தாழ ஒன்றாகவே முதுமையடைந்தன.

நம் மண்ணில் கிடைத்த பாடம்

இதே இரட்டை முறை நம் மாநிலத்திலும் வேறொரு வடிவில் வந்தது. 2011 செப்டம்பர் 15, பேரறிஞர் அண்ணா பிறந்தநாளன்று, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதலான அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றது.

இந்தப் பாஸுக்கும் நம் பகுதிக்கும் நெருங்கிய உறவு உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டபோது, அதன் பொறுப்பைச் சென்னை சி-டாக் நிறுவனமும், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் ஏற்றன. பின்னது அமைந்திருப்பது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் இரண்டாம் நிறுத்தம். டெபியன் என்னும் உலகறிந்த லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைத் தாங்கும் வண்ணம் சி-டாக் உருவாக்கிய பாஸ், 2007-ஆம் ஆண்டு முதலில் வெளிவந்தது.

மடிக்கணினி பெற்றவர்களுள் பாஸை வேண்டாத சரக்கென்று அழித்து, அவ்விடத்தைத் திரைப்படங்களுக்கு ஒதுக்கியவர் உண்டு. அன்று அது அறிவுடைமையாகவே தோன்றியிருக்கும். ஆனால் முதலில் வந்த கணினிகளில் இருந்த விண்டோஸ் 7-க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்று நின்றன. லினக்ஸ் பக்கமோ அடைபடவில்லை. யாரிடமும் உரிமம் வாங்காமல், கட்டணமின்றி, பழைய பதிப்பின் இடத்தில் புதியதொன்றைப் பதித்துக்கொள்ளும் உரிமை அங்கே இருந்தது. அதே பழைய மடிக்கணினியில் எளிய லினக்ஸ் ஒன்றை இட்டு, லிப்ரே ஆபீஸில் கட்டுரை எழுதலாம், பைத்தான் பயிலலாம், புள்ளியியல் மாணவர் ‘ஆர்’ மென்பொருளில் கணக்கிடலாம்.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டால் ஓருண்மை புலனாகும். இரண்டாவது இயங்குதளத்தின் மதிப்பு வாங்கும் நாளில் தெரிவதில்லை. முதலாவது ஓய்வுபெறும் நாளில்தான் தெரியும். அன்று அதை நாமே புதுப்பித்துக்கொள்ள முடியுமானால் அது துணை; முடியாவிட்டால் அது சுமை. வீட்டுக்கு இரண்டு வாயில்கள் இருப்பதைவிட, இரண்டாவது வாயிலின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே பெரிது.

வாங்குமுன் ஆராய வேண்டியவை

இன்று இத்தகைய கைக்கணினிகள் பெரும்பாலும் பழைய பொருளாகவே கைமாறுகின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாங்க எண்ணுவோர் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்வது நன்று.

1. சேமிப்பகம் 64 ஜிபிக்குக் குறைந்தால் இரட்டைத் தளத்தை நாட வேண்டாம். மலிவுக் கைக்கணினிகளின் சேமிப்பகம் மின்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. மடிக்கணினியின் வன்தட்டைப் போலப் பின்னர் மாற்ற இயலாது.

2. இரு தளங்களையும் கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். தொடுதிரை, வைஃபை, ஒலி, கேமரா நான்கும் இரண்டிலும் இயங்குகின்றனவா என்று தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்றில் இயங்குவது மற்றதில் இயங்கும் என்று கொள்ளலாகாது.

3. மின்னேற்றத்திற்கும் யுஎஸ்பிக்கும் ஒரே துளைதானா என்று பார்க்க வேண்டும். அவ்வாறாயின் விசைப்பலகையையும் பென் டிரைவையும் இணைத்துப் புதிய தளத்தைப் பதிக்கும்போது மின்னேற்ற முடியாது. பாதி வேலையில் மின்கலம் தீரக்கூடும்.

4. அக்கால ஆட்டம் கைக்கணினிகள் பலவற்றில் நுண்செயலி 64 பிட். அதைத் தொடக்கிவைக்கும் யூஇஎஃப்ஐ மென்பொருளோ 32 பிட். ஆதலால் லினக்ஸ் வகைகள் பல அவற்றில் தொடங்கா. 2015-இல் வந்த டெபியன் 8-ஆம் பதிப்பு இதற்கு வழி செய்தது. அப்போதும் ஒலியும் கேமராவும் சரிவர அமையாமற் போவதுண்டு.

5. இரசீது இல்லாத பொருளை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. முன்னவருடைய கணக்குகள் நீக்கப்பட்டனவா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

பயன்படுத்தும் முறை

வாங்கியபின் முதல் வேலை, எந்தப் பணிக்கு எந்தத் தளம் என்று வரையறுப்பது. படிப்பதற்கும் பாடக் காணொளிகளுக்கும் ஆண்ட்ராய்டு, எழுதவும் கணக்கிடவும் விண்டோஸ் அல்லது லினக்ஸ் என்று பிரித்துக்கொண்டால், ஒரே மென்பொருளை இருமுறை பதித்து இடத்தை வீணாக்க நேராது.

இரண்டு தளங்களுக்கும் பொதுவான கோப்புகளை நினைவக அட்டையில் வைப்பது நலம். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த அட்டையை எல்லாத் தளங்களும் படிக்கும். ஆனால் 4 ஜிபியை எட்டும் தனிக்கோப்பை அது ஏற்காது. தமிழில் எழுதுவதை யூனிகோடு முறையிலேயே எழுத வேண்டும். பழைய தனி எழுத்துருக்களில் எழுதியது மறுதளத்தில் வெறும் கிறுக்கலாகக் காட்சியளிக்கும்.

விண்டோஸில் ‘விரைவுத் தொடக்கம்’ என்றோர் ஏற்பாடு உண்டு. அது இருக்கும்போது கருவியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுவதும் நிற்பதில்லை. பாதித் துயிலில் இருக்கும். அந்நிலையில் மறுதளத்திலிருந்து விண்டோஸின் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். எனவே அந்த ஏற்பாட்டை நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

மற்றொன்று வேடிக்கையானது. விண்டோஸும் லினக்ஸும் உள்ள கருவியில் தளம் மாறியதும் கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பிசகுவதுண்டு. கருவிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று கொள்கிறது; லினக்ஸ் உலகப் பொதுநேரம் என்று கொள்கிறது. இந்திய நேரத்துக்கும் பொதுநேரத்துக்கும் உள்ள இடைவெளியே அது. கடைக்காரரிடம் எடுத்துச் சென்று பணம் கொடுக்கத் தேவையில்லை. லினக்ஸின் அமைப்பில், உள்கடிகாரம் உள்ளூர் நேரத்தில் உள்ளது என்று குறித்தால் போதும்.

ஒரு தளத்தை அழிக்கவோ புதுப்பிக்கவோ எண்ணினால் முதலில் நம் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். ஓர் அறையை இடிக்கும்போது அடுத்த அறைச் சுவரும் விழலாம்.

முடிவுரை

தமிழக அரசின் 2025–26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு, அவரவர் விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. இலவசமாகப் பெறுவதாயினும், பெற்றோர் உழைப்பில் வாங்குவதாயினும், பளபளப்பையும் மெலிவையும் மட்டும் நோக்காமல், ஐந்தாண்டு கழித்து இக்கருவியை யார் காப்பாற்றுவார் என்று ஒரு கேள்வி கேட்பது மாணவர்க்கு அழகு. விண்டோஸும் லினக்ஸும் கூடிய மடிக்கணினிக்கு அக்கேள்விக்கு விடை உண்டு: ‘நாமே.’ மலிவான இரட்டைக் கைக்கணினிக்கு அவ்விடை பெரும்பாலும் இல்லை. ஆகவே படிப்புக் கருவியாகப் பின்னதைவிட முன்னதே ஏற்றது என்பது என் துணிபு. வீட்டுப் பரண்மேல் தூங்கும் பழைய மடிக்கணினி இருக்குமாயின், புதியதற்குப் பணம் சேர்க்குமுன் அதன் இரண்டாவது வாயிலை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.