ஒரு பழைய கைலியும் ஊசி நூலும்



2020 ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடிக்கிடக்க, ரமலான் வந்தது. அப்போது நம் மஹல்லாவின் பல வீடுகளில் பழைய பருத்தித் துணியை மூன்று அடுக்காக வைத்து முகக்கவசம் தைத்தார்கள். நோய் எப்போது போகும், சபரில் இருப்பவர் எப்போது வருவார் என்பது எவர் கையிலும் இல்லை. ஆனால் அஸருக்குள் நான்கு கவசம் தைத்து முடிப்பது கையில் இருந்தது. வேலை போய்த் திரும்பியவர் வீட்டிலும், இத்தாவில் நான்கு மாதம் பத்து நாள் இருக்கும் சகோதரியின் வீட்டிலும் இன்றைக்கும் நிலைமை அதுதான்.

ஊசி பெண்களின் பொருள் என்று நம் ஆண்கள் நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பையும் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று கூறியது முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. சட்டைப் பொத்தான் அறுந்தால் மனைவியைக் கூப்பிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் செய்தி இன்னும் ஆழமானது. உங்களில் நீளமான கையுடையவரே முதலில் என்னை வந்து சேருவார் என்று நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடம் சொன்னார்கள். அவர்கள் கைகளை அளந்து பார்த்துக்கொண்டார்கள். நபியவர்களுக்குப் பின் அவர்களில் முதலில் வஃபாத்தானவர் ஸைனப் (ரலி). தோலைப் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தை ஸதகா செய்தவர் அவர். நீளம் என்று சொல்லப்பட்டது அந்தக் கொடையைத்தான்.

தையல் மிஷின் கேட்டு நம் டிரஸ்டுக்கு மனுக்கள் வருகின்றன. வட்டிக்கு வாங்கியாவது மிஷின் எடுத்துவிடலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். முதலில் கையால் ஒரு தலையணை உறை தைத்து முடியுங்கள்.

துவைத்த பழைய கைலியின் மூட்டைப் பிரித்து, நைந்த இடத்தை ஒதுக்கி, 62 அங்குல நீளம், 18 அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். இது 27-க்கு 17 அங்குலத் தலையணைக்கான அளவு. இரண்டு முனைகளிலும் ஓர் அங்குலம் மடித்து ஓரம் அடியுங்கள். இதற்கு ஓட்டுத் தையல் போதும். பிறகு துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஒரு முனையை 27 அங்குலம் உள்ளே மடியுங்கள். மறுமுனையில் மீந்திருக்கும் 6 அங்குலத்தை அதன்மேல் மடியுங்கள். இரு பக்கங்களையும் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். இங்கே பின் தையல்தான் போட வேண்டும், இழுபடும் இடம் அது. உள்ளே வெளியே திருப்பினால் உறை தயார். பொத்தானும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். அந்த 6 அங்குலம் தலையணையைப் பிடித்துக்கொள்ளும்.

கைலி அகலமாக இருந்தால் இரண்டு உறை வரும். ஒன்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றதை டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுங்கள். தையலைப் பார்த்த பிறகு மிஷின் மனுவைப் பற்றிப் பேசுவோம். இத்தாவில் இருப்பவர்கள் வர வேண்டியதில்லை, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால் போதும்.