நாலு முனையா, ஆறு முனையா?

கோவை கணபதியில் ஏதாவது ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குள் போனால், சிஎன்சி மிஷின் பக்கத்து மேசையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகள் இருக்கும். உள்ளே கட்டைவிரல் நகம் அளவில் கார்பைடு துண்டுகள். சிலர் டிப் என்பார்கள், சிலர் இன்சர்ட் என்பார்கள். முனை மழுங்கினால் தளர்த்தித் திருப்பிப் போட்டால் வேலை தொடரும். பிரேஸிங் டூலைப்போல கிரைண்டரில் தீட்டி மறுபடி சென்டர் பார்க்கும் நேரம் மிச்சம்.

இதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலையைத்தான். ஒரு முனைக்கு எத்தனை பீஸ் வருகிறது என்பதல்லவா உண்மையான விலை!

அதிகம் புழங்கும் இரண்டை எடுத்துக்கொள்வோம். சிஎன்எம்ஜி 120408 சாய்சதுர வடிவம். 80 டிகிரி கூர்முனைகள் மேலும் கீழுமாக நாலு. டபிள்யூஎன்எம்ஜி 080408 புடைத்த முக்கோணம். அதே 80 டிகிரியில் ஆறு முனைகள். கணக்குக்காக இரண்டும் 300 ரூபாய் என்று வைத்தால், முதலாவதில் முனைக்கு 75 ரூபாய், இரண்டாவதில் 50. இஎன்8 ஷாஃப்டில் 2 மி.மீ. ஆழம் வெட்டுகிற பட்டறைக்கு ஆறு முனைதான் லாபம். ஆனால் அதன் வெட்டு விளிம்பு குட்டை. ஃபோர்ஜிங் தோலை 4, 5 மி.மீ. ஆழத்தில் உரிக்கும்போதும், வெட்டு விட்டுவிட்டு விழும்போதும் நீண்ட விளிம்புள்ள சிஎன்எம்ஜியே தாங்கும். ஒரு முனை உடைந்தால் பெரும்பாலும் அடியிலிருக்கும் முனையும் சேர்ந்து போய்விடும். அப்போது அந்த 50 ரூபாய்க் கணக்கு செல்லாது.

இந்த இரண்டுமே நெகட்டிவ் வகை. பக்கவாட்டில் சரிவு கிடையாது, அதனால்தான் இரு பக்கமும் பயன்படுகிறது. அதற்கு விலையாக மிஷின் கூடுதல் விசை கொடுக்க வேண்டும். மெலிந்த ஷாஃப்ட், சின்ன போர், தேய்ந்த பழைய லேத் என்றால் சிசிஎம்டி போன்ற பாசிட்டிவ் டிப்தான் ஏற்றது. 7 டிகிரி சரிவு இருப்பதால் மென்மையாக வெட்டும், அதிர்வு குறையும். இரண்டே முனைகள் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். போர் முழுக்க அதிர்வுக் கோடு விழுந்து பீஸ் ரிஜெக்ட் ஆவதைப் பார்த்தவர்கள் ஒதுக்க மாட்டார்கள்.

எண்ணின் கடைசி 08 என்பது மூக்கு ரேடியஸ் 0.8 மி.மீ. என்று சொல்கிறது. ஃபினிஷைத் தீர்மானிப்பதில் இதற்கும் ஃபீடுக்கும் பெரிய பங்கு. ஃபீடின் வர்க்கத்தை ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால் பரப்பில் விழும் வரியின் உயரம் கிடைக்கும். சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடில் 0.4 ரேடியஸ் தருவது 12.5 மைக்ரான், 0.8 தருவது 6.25. அப்படியென்றால் எங்கும் 0.8 போடலாமா? கூடாது. ரேடியஸ் பெரிதாக ஆக, டூல் வேலைப்பொருளைப் பக்கவாட்டில் தள்ளும். நீட்டிப் பிடித்த போரிங் பார் நடுங்கத் தொடங்கும். அங்கே 0.4 போட்டு ஃபீடைக் குறைப்பதே வழி.

அடுத்து கிரேடு. பெட்டியின் நிறமே பாதி வழி காட்டும்: ஸ்டீலுக்கு நீலம், ஸ்டெயின்லெஸுக்கு மஞ்சள், வார்ப்பிரும்புக்குச் சிவப்பு, அலுமினியத்துக்குப் பச்சை. வார்ப்பிரும்பு பம்ப் பாடி கடைசலுக்கும் ஸ்டீல் டிப்பையே போடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. வார்ப்பிரும்பின் சிப் தானாகவே உதிர்ந்துவிடும், சிப் பிரேக்கர் தேவையில்லை. மேற்பரப்பு தட்டையான சிஎன்எம்ஏ வகையில் விளிம்பு இன்னும் உறுதி. கிரேடின் எண்ணையும் பார்க்க வேண்டும். பி15 கடினம், வேகமான சீரான வெட்டுக்கு. பி35 அடி தாங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். சுமார் 1000 டிகிரி சூட்டில் ஏற்றும் சிவிடி பூச்சு தடிமனானது, ஸ்டீலில் வரும் வெப்பத்துக்கு நின்று பிடிக்கும். ஏறக்குறைய அதில் பாதிச் சூட்டில் ஏற்றும் பிவிடி பூச்சு மெல்லியது, விளிம்பின் கூர்மையைக் காக்கும். ஸ்டெயின்லெஸ், சின்ன பீஸ், திரெட் வேலைகளுக்கு அது பொருந்தும்.

எவ்வளவு நல்ல டிப்பும் தவறான வேகத்தில் வீண். 1907இல் ஃபிரெடரிக் டெய்லர் வெளியிட்ட ஆயுள் சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. கார்பைடுக்கு வழக்கமாக எடுக்கும் மதிப்பில் அதைப் போட்டால், வேகத்தை 20 சதவீதம் கூட்டியதும் முனையின் ஆயுள் பாதியாகிறது. மறுபக்கமும் உண்டு. 1000 ஆர்பிஎம்மைத் தாண்டாத லேத்தில் 25 மி.மீ. ஷாஃப்டைக் கடைந்தால் வேகம் நிமிடத்துக்கு 78 மீட்டர்தான். சிவிடி பூச்சு எதிர்பார்க்கும் சூடு அங்கே வராது. உலோகம் விளிம்பில் ஒட்டி, பிய்த்துக்கொண்டு போகும். அந்த மிஷினுக்கு கூர்மையான பிவிடி டிப் வாங்கலாம். பிரேஸிங் டூலே போதும் என்று ஓட்டினாலும் தப்பில்லை.

இரண்டு டிப்புகளுக்கிடையே முடிவு வராவிட்டால், இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கி ஒரே பீஸ், ஒரே ஃபீடில் ஓட்டி எண்ணிப் பார்க்கலாம். பக்கவாட்டுத் தேய்மானம் 0.3 மி.மீ. தொட்டதும் முனையைத் திருப்பிவிட்டு, பழைய முனையை லென்ஸில் பார்க்க வேண்டும். சீராகத் தேய்ந்திருந்தால் கிரேடு சரி. பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் பி25இலிருந்து பி35க்குப் போகலாம். மேல்முகத்தில் குழி விழுந்திருந்தால் வேகத்தைக் குறைக்கலாம், அல்லது பி15க்கு மாறலாம். புது டிப்பே முதல் பீஸில் உடைந்தால் கடைக்காரரைத் திட்டுமுன், ஹோல்டரில் அடியிலிருக்கும் ஷிம்மைக் கழற்றி, அதன் மூலை நொறுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.