மனவடு ஆற்றும் மென்மையான யோகப் பயிற்சி

உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டது நமது சைவ மரபு. ஆலயத்தின் சுவரில் வெடிப்பு விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் மனம் வராது. பாலஸ்தாபனம் செய்து, திருத்தி, குடமுழுக்கு நடத்தி, மீண்டும் விளக்கேற்றி விடுகிறோம். ஆனால் உடம்பாகிய ஆலயத்தில் விழுந்த வெடிப்பு வெளியே தெரிவதில்லை. அதனால் அதைத் திருத்தும் எண்ணமும் எளிதில் வருவதில்லை.

திருவிழாவின்போது ஆலய வீதியில் வெடி கொளுத்துகிறார்கள். சிறுவர்கள் துள்ளி மகிழ்கிறார்கள். அதே கூட்டத்தில் நிற்கும் ஒரு தாயோ காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒதுங்கிவிடுகிறார். அது வெடிதான், செல் அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது. அறிவு ஏற்றுக்கொண்டதை உடம்பு இன்னும் ஏற்கவில்லை. மனவடு என்பது இதுவே.

பெரியமடு உள்ளிட்ட மாந்தை மேற்குப் பகுதி மக்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் போர் மூண்டபோது ஊர் ஊராக மக்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்தனர். தறப்பாளின் கீழும் பங்கருக்குள்ளும் வாழ்ந்து, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது உயிர் தப்பியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதற்கு முன்னரே, 1990 ஒக்ரோபரில், மன்னாரின் முஸ்லிம் மக்கள் தம் வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர். இக்கரையில் இழப்பு தொடாத வீடு அரிது. வீடுகள் மீண்டும் கட்டப்பட்டன, வயல்கள் மீண்டும் விளைந்தன. மனத்தின் திருப்பணி மட்டும் பலருக்கு மிச்சமாக இருக்கிறது.

மனவடுவின் அடையாளங்கள்

நெருக்கீட்டின் பாதிப்பை நமது மக்கள் "மனநோய்" என்று சொல்வதில்லை. "யோசினை கூடிப் போச்சு", "நெஞ்சு பதறுது", "பெருமூச்சாய் வருது", "தலை விறைக்குது", "ஏக்கமாய்க் கிடக்கு" என்றே சொல்கிறார்கள். இவை வெறும் பேச்சல்ல. மனத்தின் வேதனை உடம்பின் வழியாகப் பேசும் மொழி இது.

இம்மொழியை ஆழ்ந்து கவனித்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம். போர்க்காலத்தில் நீண்டகாலம் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய இவர், தமிழ் மக்களின் மனக்காயங்களைப் பற்றி 1998 இலும் 2014 இலும் ஆங்கிலத்தில் இரு நூல்களை வெளியிட்டார். முதல் நூல் தனிமனிதரின் காயத்தைப் பற்றியது. இரண்டாவது நூல் முழுச் சமூகத்தின் காயத்தைப் பற்றியது. போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் உறவுகளுக்கிடையிலான நம்பிக்கையையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பது அவர் வலியுறுத்திய உண்மை.

ஆபத்து வரும்போது மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்னும் சிறு பகுதி எச்சரிக்கை மணி அடிக்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் ஓடுவதற்கு ஆயத்தமாக இறுகுகின்றன. செல் வரும் நேரத்தில் உயிரைக் காத்தது இந்த ஏற்பாடுதான். ஆதலால் இதைக் கோழைத்தனம் என்றோ பலவீனம் என்றோ எவரும் இகழக்கூடாது. ஆபத்து நீங்கிய பின்னும் அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பதுதான் துன்பம். நித்திரையின்மை, கெட்ட கனவு, காரணமில்லாத கோபம், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல், எதிலும் பற்றின்மை எல்லாம் அதன் விளைவுகள்.

மரபில் இருந்த மருந்து

வைத்தியசாலைக்கு வரும் எல்லோருக்கும் நீண்ட உளவளத்துணை வழங்கப் போதிய ஆட்கள் போர்க்கால யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. மக்கள் ஏற்கனவே அறிந்தவற்றிலிருந்தே தொடங்குவது நல்லது என்று பேராசிரியர் சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டனர். மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்தும் சாந்தி ஆசனம், மந்திர உச்சாடனம், தியானம் ஆகியவை தளர்வுப் பயிற்சிகளாகக் கற்பிக்கப்பட்டன. சைவருக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்கு இயேசுவின் திருநாமம், முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்குச் சரணம் என்று அவரவர் சமயத்தில் உள்ள சொல்லே அவரவருக்கு வழங்கப்பட்டது. பல சமயத்தாரும் அயலவராக வாழும் மன்னார்க் கரைக்கு இது மிகவும் பொருந்துவது.

நமக்கு இது புதிதல்ல. திருமூல நாயனார் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்தைப் பற்றியது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகள் அதில் விளக்கப்படுகின்றன. அசையாமலும் நோகாமலும் இருக்கக்கூடிய இருப்பையே பதஞ்சலி முனிவரும் ஆசனமாகக் கொண்டார். உடம்பை வில்லாக வளைத்துக் காட்டுவது யோகத்தின் நோக்கம் அன்று. நொந்த உடம்புக்கு வேண்டியது அந்த நோகாத இருப்புத்தான்.

ஆய்வுகள் சொல்வது

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடற்கோளுக்குப் பின் வடகிழக்கு இலங்கையின் முகாம் ஒன்றில் 31 சிறுவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இவர்கள் 8 முதல் 14 வயது வரையானவர்கள். போரையும் கடற்கோளையும் கண்டவர்கள். ஒரு பிரிவினருக்குத் தம் அனுபவத்தை ஒழுங்காகச் சொல்லவைக்கும் சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் வழங்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின் பார்த்தபோது முதற்பிரிவில் 81 வீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். 2009 இல் வெளிவந்த இந்த ஆய்வில் சிகிச்சையே பெறாத பிரிவு ஒன்று இருக்கவில்லை. காலம் தானாக ஆற்றியது எவ்வளவு என்பதை அதைக்கொண்டு பிரித்தறிய முடியாது. ஆயினும் எளிய பயிற்சியைப் பெற்ற பிள்ளைகளும் நன்கு தேறினர் என்பது ஊக்கம் தரும் செய்தி.

2014 இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நெடுங்காலமாக மனவடுவால் வருந்தி, வேறு சிகிச்சைகளாலும் தேறாத 64 பெண்களைப் பற்றியது. பெசல் வன் டெர் கொல்க் என்னும் உளமருத்துவரும் அவரது குழுவினரும் இதனை நடத்தினர். வாரத்துக்கு ஒரு மணித்தியாலமாக 10 வாரங்கள் மென்மையான யோகம் பயின்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோய் என்று கணிக்கும் நிலையிலிருந்து விடுபட்டனர். உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற பிரிவில் அவ்வாறு விடுபட்டோர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே.

மூச்சின் வேலை

இதயத்துடிப்பை "மெதுவாய் அடி" என்று கட்டளையிட எவராலும் முடியாது. ஆனால் மூச்சை மெதுவாக்க எல்லோராலும் முடியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, வெளியே விடும்போது சற்று ஆறுகிறது. மூளையிலிருந்து இறங்கி இதயத்தையும் வயிற்றையும் தொடும் வேகசு நரம்பே இதற்குக் காரணம். ஆகவே விடும் மூச்சை நீட்டினால் உடம்புக்கு "ஆபத்துப் போய்விட்டது" என்று சொல்வது போலாகும். ஓங்காரத்தை நீட்டி ஓதும்போது இறுதி மகர ஒலியில் மூச்சு தானாகவே நீள்கிறது. முன்னோர் வகுத்த முறையில் உடம்பின் நன்மையும் சேர்ந்தே இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி

காலையிலோ அந்திப் பூசை முடிந்த பின்னரோ 15 நிமிடம் போதும். வயிறு நிறைந்திருக்கக்கூடாது.

1. இருப்பு: பாயிலோ கதிரையிலோ முதுகு நிமிர்ந்து அமரவும். பாதங்கள் நிலத்தைத் தொடுவதை உணரவும். விளக்கையோ வாசலையோ சுற்றியுள்ள ஐந்து பொருட்களையோ ஒவ்வொன்றாகப் பார்க்கவும். "இது இன்றைய நாள், இது எனது வீடு" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

2. அசைவு: தோள்களை மெல்ல உயர்த்தி இறக்கவும். கழுத்தை வலமும் இடமும் மெதுவாகத் திருப்பவும். கைகளை மூச்சோடு உயர்த்தி, மூச்சு விடும்போது இறக்கவும். ஒவ்வொன்றும் ஐந்து முறை.

3. மார்ஜாரி ஆசனம்: முழங்காலிலும் கைகளிலும் ஊன்றி, பூனை முதுகை வளைப்பது போல மூச்சு விடும்போது முதுகை உயர்த்தி, மூச்சு இழுக்கும்போது இறக்கவும். முழங்கால் நோ உள்ளவர்கள் கதிரையில் இருந்தபடியே முன்னும் பின்னும் முதுகை அசைத்தால் போதும்.

4. மூச்சு: மூன்று எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஐந்து எண்ணும் வரை விடவும். ஐந்து நிமிடம் செய்யலாம். விரும்பினால் விடும் மூச்சில் ஓங்காரமோ பஞ்சாட்சரமோ ஓதலாம். கும்பகமாகிய மூச்சடக்கல் வேண்டாம்.

5. சாந்தி ஆசனம்: இதனைச் சவாசனம் என்றும் சொல்வர். போரில் எத்தனையோ உடல்களைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயரே நோகக்கூடும். ஆதலால் சாந்தி ஆசனம் என்று அழைப்பதே நல்லது. மல்லாந்து கிடப்பது பயமாயின் ஒருக்களித்துப் படுக்கலாம் அல்லது சுவரில் சாய்ந்திருக்கலாம். பாதம் முதல் நெற்றி வரை ஒவ்வோர் இடமாகத் தளர்த்தி, முடிவில் மெதுவாக எழும்பவும்.

கற்பிப்போர் கவனிக்க வேண்டியவை

மனவடு பட்டவர்களிடம் ஒருகாலத்தில் அவர்களது விருப்பம் கேட்கப்படவில்லை. "ஓடு", "இரு", "வரிசையில் நில்" என்ற கட்டளைகளே அவர்களுக்குக் கிடைத்தன. ஆகவே யோகம் பழக்குபவர் கட்டளையிடக்கூடாது. "விரும்பினால் செய்து பாருங்கள், வேண்டாமென்றால் நிறுத்துங்கள்" என்று சொல்வதே முறை. விசில் ஊதுவதும் அதட்டி எண்ணுவதும் கூடாது. ஆசனத்தைத் திருத்துவதற்காக ஒருவரின் உடம்பைத் தொடுவதும் ஆகாது. கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வரக்கூடும்; திறந்தபடியே செய்ய விடவேண்டும். மண்டபத்தின் கதவு திறந்திருக்கட்டும். என்ன நடந்தது என்று எவரையும் கூட்டத்தில் சொல்ல வற்புறுத்தவும் வேண்டாம்.

கால் இழந்தவர்கள், உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுச் செய்யவேண்டும். வேகமாக மூச்சு விடும் கபாலபாதி போன்றவை பதற்றத்தைக் கூட்டக்கூடும், அவற்றைத் தவிர்க்கவும். பயிற்சியின் நடுவில் அழுகை வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுக்கமோ பயமோ கூடினால் நிறுத்தி, எழுந்து, முகம் கழுவி, துணைக்கு ஒருவரோடு இருக்கவேண்டும்.

மருந்து குடிப்பவர்கள் யோகத்தை நம்பி மருந்தை நிறுத்தவே கூடாது. வாரக்கணக்கில் நித்திரை இல்லாதவர், மதுவில் மறதி தேடுபவர், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருபவர் தாமதியாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடவேண்டும். 1926 என்னும் தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். கால் முறிந்தால் வைத்தியரிடம் போவதில் வெட்கமில்லை. மனம் முறிந்தாலும் அப்படித்தான்.

யோகம் தருவதும் தராததும்

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். காணாமற்போன பிள்ளையை மூச்சுப் பயிற்சி கொண்டுவந்து தராது. பிள்ளை எங்கே என்று கேட்கும் தாயின் கேள்விக்கு அது விடையும் ஆகாது; அந்தக் கேள்வியை அடக்குவதற்கான வழியாக அதை எவரும் காட்டவும் கூடாது. யோகம் நினைவை அழிப்பதில்லை. நினைவு வரும்போது உடம்பு நொருங்கிப் போகாமல் தாங்கும் வலிமையைத் தருகிறது. இரவில் சில மணித்தியாலம் நித்திரையும், பேரப்பிள்ளையோடு சிரிக்கும் ஒரு பொழுதும், கேள்வியை நாளையும் கேட்பதற்கான தெம்பும் கிடைத்தால் அதுவே பெரும் பேறு.

தனியே துன்பப்பட்டவர்கள் கூடியிருந்து ஆறுவதற்கு ஆலயத்தைவிடச் சிறந்த இடம் வேறில்லை. வாரத்தில் ஒருநாள், அறநெறி வகுப்பு முடிந்த பின் மண்டபத்தில் பாய் விரித்து, பத்துப்பேர் சேர்ந்து அமைதியாக மூச்சு விட்டால் அதுவும் ஒரு கூட்டு வழிபாடே. திருவிழாவில் வெடியின் சத்தத்தைக் குறைப்பதும், கொளுத்துமுன் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் சுவரோடு ஒதுங்கும் அந்தத் தாய்க்கு ஊர் செய்யும் தொண்டு.

கல்லில் விழுந்த வெடிப்பைத் திருத்தத் தெரிந்த அடியார்கள் உள்ளத்தில் விழுந்த வெடிப்பையும் பொறுமையோடு திருத்துவார்களாக. எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் இவ்வூரின் ஒவ்வொரு வீட்டிலும் அமைதி நிலைப்பதாக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக.