பட்டத்துக்கு ஒரு விலை வை

தாதர், மும்பை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பட்ட அட்டவணையைப் படித்தேன். ஐந்து போரில் வென்றால் அரசன் 'வீரன்', பத்துக்கு 'மாவீரன்', இருபதுக்கு 'பேரரசன்'. ஒவ்வொன்றோடும் படைக்குக் கொஞ்சம் போனஸ். கேம் ஓடும், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ராஜேந்திர சோழன், ரீசார்ஜ் ஆப்பில் பாயின்ட் சேர்த்துக் 'கோல்டு மெம்பர்' ஆனவனைப் போலத்தான் நிற்கிறான். சோழ நாட்டை வைத்துக் கேம் செய்கிற நீ, அங்கே பட்டம் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்று கல்வெட்டுகளைக் கேட்டிருக்கலாம்.

முதலாம் பராந்தகனை எடுத்துக்கொள். மதுரையைப் பிடித்ததும் கல்வெட்டுகளில் அவன் 'மதுரை கொண்ட கோப்பரகேசரி' ஆகிறான். பிறகு அதுவே 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று நீள்கிறது. எத்தனை போர் என்று யாரும் எண்ணவில்லை. எந்த ஊர் என்பதுதான் பேச்சு. அதே பராந்தகனின் முதுமையில், 949இல், தக்கோலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் யானைமேலேயே மாண்டான். வென்ற ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை மண்டலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் எப்படி வருகிறான் தெரியுமா? 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்'. சோழன் பட்டம் சூடிய அதே வாய்பாட்டில், சோழனின் ஊரை வைத்தே எதிரி பட்டம் சூடிக்கொண்டான். உன் கேமில் இப்படி ஒன்று நடக்க வழி இருக்கிறதா? பட்டத்தை வரைபடத்தில் உள்ள ஊரோடு கட்டு. ஊர் கைமாறினால் பழைய பட்டம் அழிய வேண்டாம், ஆனால் கேலிக்கு இடமாகட்டும். மதுரை கையில் இல்லாத 'மதுரை கொண்டவன்' சபையில் உட்காரும்போது சிற்றரசர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த நினைப்புக்கு ஓர் எண் கொடு.

இதைவிடச் சுவையான கதை பராந்தகனின் கொள்ளுப்பேரன் தலைமுறையில் இருக்கிறது. வீரபாண்டியன் என்ற பாண்டியன் 'சோழன் தலைகொண்ட' என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். அவனை வென்ற இளவரசன் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று சூடிக்கொண்டான். பட்டத்துக்குப் பட்டமே பதில். அத்தோடு முடியவில்லை. ஆதித்தன் கொலையுண்டான். கொன்றவர்களின் சொத்துப் பறிமுதல் பற்றிப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், ரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராயன், பரமேஸ்வரனாகிய இருமுடிச்சோழப் பிரமாதிராயன் என்று பெயர்கள் வருகின்றன. பிரமாதிராயன் என்பது அரசு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். அதிலும் ஒருவன் பெயரில் சோழனே இருக்கிறான்! பட்டம் கொடுத்தால் விசுவாசம் பத்துப் புள்ளி ஏறும் என்று நீ எழுதியிருக்கும் விதியை இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். பட்டம் பெற்றவனுக்கு அரண்மனைக் கதவு திறக்கிறது. திறந்த கதவு எல்லோருக்கும் நல்லதல்ல. உன் அட்டவணையில் இந்த ஆபத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பல்லவர்கள் இதில் வேறு ரகம். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மன் தன் பட்டங்களை 200க்கு மேல் வெட்டி வைத்திருக்கிறான். உன் கேமில் அப்படி ஒருவன் வந்தால் ஆடுகிறவர் படித்துப் பார்க்கமாட்டார், தள்ளிக்கொண்டே போவார். அவனுக்கு முன்னால் ஆண்ட மகேந்திரன் எனக்குப் பிடித்தவன். விசித்திரசித்தன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி: போரையே தொடாத பட்டங்கள் இவை. ஓவியத்திலும் நாடகத்திலும் மனம் போன அரசனை ஆட விரும்புகிறவருக்கும் உன் அட்டவணையில் ஏதாவது கிடைக்க வேண்டும். இப்போது ஒன்றும் கிடையாது.

உன் துறையிலேயே இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 2021இல் வந்த 'ஓல்ட் வேர்ல்ட்' கேமை ஆடியிருப்பாய். அங்கே அரசர் 'புதியவர்' என்ற அடைமொழியோடு தொடங்கி, செய்ததைப் பொறுத்து வேறு அடைமொழி பெறுகிறார். அது அரசுரிமையின் மதிப்பைக் கூட்டுகிறது. அவர் இறந்தபின் அந்த மதிப்பு வாரிசுகளுக்கும் வருகிறது, தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துகொண்டே. தேய்கிறது என்பதுதான் கெட்டிக்காரத்தனம். தாத்தா பெயரில் எவ்வளவு காலம் சாப்பிடுவது? ஆனால் அதை அப்படியே எடுத்து ஒட்டாதே. அங்கே அடைமொழி தானாக வந்து உட்காருகிறது. நம்மிடம் அதற்கு முன்னால் ஒரு சடங்கு, ஒரு செலவு, ஒரு சாட்சி உண்டு.

சாட்சி வேண்டுமானால் உன் ஸ்டூடியோவிலிருந்து சிவாஜி பார்க் வரை நடந்து போ. 1925இல் திறந்தபோது அதற்கு மாஹிம் பார்க் என்று பெயர். சிவாஜியின் முந்நூறாவது பிறந்த ஆண்டை ஒட்டி 1927இல் மாற்றினார்கள். அந்த சிவாஜிக்கு 1668இல் 'ராஜா' பட்டத்தை ஔரங்கசீப் கொடுத்தார். கொடுத்த பட்டம் கொடுத்தவனைத்தான் உயர்த்தும். 1674 ஜூன் 6 அன்று ராய்கட்டில் காசியிலிருந்து வந்த காகா பட்டரை வைத்து முடிசூட்டிக்கொண்டு சத்ரபதி ஆனார். கோட்டைகளும் படையும் அதற்கு முன்பே அவரிடம் இருந்தன. புதிதாக வந்தது, இன்னொருவர் தயவில் இல்லாத நிலை. அதற்காகப் பெரும் செலவு செய்தார், தன் பெயரில் புதிய ஆண்டுக் கணக்கைத் தொடங்கினார், 'சத்ரபதி' என்று பொறித்த சிவராய் செப்புக் காசு அடித்தார். கடைத்தெருவில் காய் வாங்குகிறவள் கையிலும் அந்தப் பட்டம் புழங்கியது. ஆகவே உன் கேமில் இரண்டு வாசல் வை: மேலிருப்பவர் தருவது ஒன்று, தானே எடுத்துக்கொள்வது ஒன்று. முதலாவது மலிவு, கழுத்தில் கயிறோடு வரும். இரண்டாவதற்குக் கருவூலம் காலியாகும், அண்டை நாடுகள் முகம் சுளிக்கும்.

இறந்த பிறகு வருவதையும் மறந்துவிடாதே. 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் விழுந்த சோழ மன்னன் ராஜாதிராஜன், பின்வந்த கல்வெட்டுகளில் 'ஆனைமேல் துஞ்சின' தேவன் ஆகிறான். உயிரோடு இருந்தபோது சூடியது 'கல்யாணபுரம் கொண்ட'. நிலைத்தது, சாவு கொடுத்தது. ஆடுகிறவர் அரசனை இழக்கும் அந்த நிமிடத்தில் வெறும் 'தோல்வி' திரையைக் காட்டாமல், வாரிசின் கையில் இப்படி ஒரு பட்டத்தைக் கொடுத்துப் பார்.

இத்தனையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது, தெரியும். ஒன்றிலிருந்து தொடங்கு. முதலாம் குலோத்துங்கன் சுங்கவரியை நீக்கி 'சுங்கந்தவிர்த்த சோழன்' ஆனான். ஊர் பிடிக்காமல், தலை வெட்டாமல், வருமானத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய பட்டம். அந்த ஒரு பட்டத்துக்கு மட்டும் விதி எழுது: கருவூலம் எவ்வளவு இழக்கும், வணிகர் எத்தனை சுற்றுக்குப் பின் திரும்பி வருவார்கள், அடுத்த அரசன் சுங்கத்தை மறுபடி போட்டால் என்ன ஆகும். 'வீரன்', 'மாவீரன்' வரிசையை நீக்கிவிட்டு இதை எழுதி அனுப்பு. மற்றதை அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்