லோடு வண்டி: புதுசா, பழசா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



சின்னாளப்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, உள்கடன் எல்லாம் எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்தும் முடிந்தது. கிளம்பும் நேரத்தில் காய்கறி வியாபாரம் செய்யும் ஐந்து சகோதரிகள் எங்களை நிறுத்தினார்கள். "மேடம், குட்டியானை ஒண்ணு விலைக்கு வருது. எட்டு வருச வண்டி, ரெண்டே முக்கால் லட்சம். புதுசுன்னா எல்லாம் சேர்த்து அஞ்சு லட்சம் ஆகுதாம். பாதி விலைதானே, நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடலாமா?"

வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்றோம். அந்தக் கணக்கைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம். இதில் உள்ள வண்டி விலை, சம்பளம், வாடகை எல்லாம் அவர்கள் சொன்ன தொகைகள். உங்கள் ஊரில் கொஞ்சம் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் விலை. புது வண்டிக்கு ஷோரூமில் சொல்லும் விலை வேறு, ரோட்டுக்கு வரும்போது ஆகும் விலை வேறு. பதிவு, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த தொகையைத் தாளில் எழுதி வாங்குங்கள். பழைய வண்டிக்கும் இப்படி ஒரு மறைவான விலை உண்டு. அந்த ரெண்டே முக்கால் லட்சம் வண்டியை நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். டயர், பேட்டரி, கிளட்ச், எப்.சி.க்கு முன்னால் டிங்கரிங், பெயின்டிங் என்று ரூ.40,000 ஆகும் என்றார். அப்படியென்றால் வண்டி விலை ரூ.3,15,000. புரோக்கர் கூட்டி வரும் மெக்கானிக்கிடம் காட்டினால் இந்தக் கணக்கு வராது!

"நான் அஞ்சு லட்சத்துக்கு வாங்கின வண்டிம்மா" என்று விற்பவர் சொல்வார். அதைக் காதில் வாங்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி சேராத விலை நான்கு லட்சம் என்றால், வரியில் மட்டும் ரூ.40,000 குறைவு. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கத்தானே வேண்டும்? இதைச் சொல்லியே பேரம் பேசலாம். 2005-ல் டாடா ஏஸ் முதன்முதலில் வந்தபோது புது வண்டியே சுமார் ரெண்டேகால் லட்சம்தான் என்பது வேறு விஷயம்.

விலை சரியா என்று பார்க்க இன்னொரு வழி இன்சூரன்ஸ் தாள். அதில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி அந்த வண்டிக்குப் போடும் மதிப்பு அது. இரண்டு, மூன்று வருடத்துக்கு இடைப்பட்ட வண்டிக்கு 30 சதவீதம் கழிப்பார்கள். நான்கு, ஐந்து வருடத்துக்கு இடைப்பட்டதற்குப் பாதி கழிந்துவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் பேசி முடிவு செய்வது. வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் போட்ட வண்டி என்றால் இந்தத் தொகையே இருக்காது. நாம் பார்த்த வண்டி அந்த ரகம்.

இனி தவணைக்கு வருவோம். பெரிய வித்தியாசம் இங்கேதான்.

புது வண்டிக்கு ஒரு லட்சம் முன்பணம் போக நான்கு லட்சம் கடன். 11 சதவீதம், குறையும் வட்டி, 60 மாதம் என்றால் தவணை சுமார் ரூ.8,700. பழைய வண்டிக்கு ரூ.75,000 முன்பணம் போக இரண்டு லட்சம் கடன். பினான்ஸில் 12 சதவீதம், 36 மாதம் என்றார்கள். தவணை ரூ.7,556. சகோதரிகள் அப்படியே பார்த்தார்கள். கடன் பாதி, தவணை மட்டும் ஏன் பாதியாகவில்லை?

நம் குழுவில் உள்கடன் வாங்கினால் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். பினான்ஸில் சொன்னது பிளாட் வட்டி. முதல் மாதம் முதல் கடைசி மாதம் வரை முழு இரண்டு லட்சத்துக்கும் வட்டி ஓடும். மூன்று வருடத்துக்கு வட்டி மட்டும் ரூ.72,000. நம் வழக்கப்படி பார்த்தால் அது ஒரு ரூபாய் வட்டி இல்லை, நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் வட்டி. அதாவது ஆண்டுக்கு 21 சதவீதம். "12-ன்னாங்க, 21 ஆயிருச்சே" என்றார் குழுத் தலைவி. எங்களுக்கும் முதல் தடவை போட்டுப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது.

வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்கு வங்கியில் மூன்று லட்சம் வரை 7 சதவீதத்தில் கடன் உண்டு. அதே இரண்டு லட்சத்துக்கு அங்கே தவணை சுமார் ரூ.6,175, வட்டி மொத்தம் ரூ.22,300 அளவில். ஐம்பதாயிரம் மிச்சம். ஆனால் அது குழுக் கடன். வண்டி நின்றால் வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத மீதிப் பத்துப் பேரும் கட்ட வேண்டி வரும். ஆகவே அவர்கள் சம்மதம் முதலில் தீர்மான நோட்டில் ஏற வேண்டும்.

இது பயமுறுத்தச் சொல்வதல்ல. சில வருடங்களுக்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவில், உறுப்பினரின் வீட்டுக்காரர் பழைய வண்டி வாங்கினார். ஆர்.சி.யில் பினான்ஸ் பெயர் இருந்தது. "அதெல்லாம் முடிஞ்சுருச்சு, பேரு மட்டும்தான் இருக்கு" என்றார்களாம். நாலாவது மாதம் பினான்ஸ் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். வண்டி போனது, குழுக் கடன் நின்றது. அந்தச் சகோதரி கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவரைத் திரும்பக் கூட்டி வர எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அதனால் ஆர்.சி.யில் பினான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட பாரம் 35-ம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் பாரம் 29, 30. வண்டி எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் எப்.சி., இன்சூரன்ஸ் எது வரை என்று தெரியும். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டு வருடம் வரை எப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம். நம் வண்டி சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. அதனால்தான் விற்கிறாரோ என்னவோ.

ஆர்.சி. யார் பெயரில்? கடன் உங்கள் பெயரில் என்றால் வண்டியும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். வீட்டில் முகம் கோணினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாதச் செலவையும் போட்டோம். "டிரைவர் செலவு இல்ல மேடம், எம் பையன் ஓட்டுவான்" என்றார் ஒரு அக்கா. அவன் வேறு வண்டிக்குப் போனால் ரூ.12,000 வாங்குவான் அல்லவா? அதையும் எழுதினோம். (கார் லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.) புது வண்டிக்குத் தவணை 8,700, டிரைவர் 12,000, இன்சூரன்ஸுக்கு ஒதுக்க 2,000, சர்வீஸ் 1,000. மொத்தம் ரூ.23,700. பழைய வண்டிக்குத் தவணை 7,550, டிரைவர் 12,000, இன்சூரன்ஸ், எப்.சி.க்கு 1,500, ரிப்பேர் 3,000. மொத்தம் ரூ.24,050.

பாதி விலை வண்டிக்கு மாதச் செலவு முந்நூற்றைம்பது ரூபாய் அதிகம்! மூன்று வருடம் கழித்துப் பழைய வண்டிக்குத் தவணை இல்லை, புதுசுக்கு இன்னும் இரண்டு வருடம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அப்போது புதுசுக்கு வயது மூன்று, பழசுக்குப் பதினொன்று. முழுப் பணமும் கையில் இருந்தாலோ, 7 சதவீதக் கடன் கிடைத்தாலோ பழைய வண்டி நல்லதாகவும் அமையலாம்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டோம். மாதம் எத்தனை லோடு? திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்வர இப்போது வாடகை ரூ.1,200 கொடுக்கிறார்கள். சொந்த வண்டி என்றால் டீசல் 400 போக ரூ.800 நிற்கும். ரூ.24,000 செலவை எடுக்க 30 லோடு வேண்டும். நோட்டைப் புரட்டி எண்ணினார்கள். போன மாதம் 14, அதற்கு முந்தைய மாதம் 13.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அக்காதான், "அப்ப புதுசும் வேணாம், பழசும் வேணாம், வாடகையே இருக்கட்டும்" என்றார். இன்னொருவர் விடவில்லை. "பக்கத்து ஊர்க் குழு பூ ஏத்துறாங்க, நிலக்கோட்டைக்கு. அவுங்களையும் சேர்த்துக் கேட்டுப் பாப்போம்." இப்போது இரண்டு குழுக்களும் ஒரே நோட்டில் லோடு எழுதி வருகிறார்கள். மூன்று மாதம் எழுதிய பிறகு வண்டிப் பேச்சை எடுப்பதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் குழுவிலும் வண்டி வாங்கும் பேச்சு இருந்தால், போன மூன்று மாத லோடு எண்ணிக்கை, கொடுத்த வாடகை, பினான்ஸில் எழுதிக் கொடுத்த தவணைத் தாள் மூன்றையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடலாம்.